பூவேலை யந்திரத்தின் பிடிவாதம்

வீட்டில் ஒரு யந்திரம் நின்றுவிட்டால், அதைச் சுற்றி முதலில் கூடுகிறவர்கள் அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களே. ஒருவர் தட்டிப் பார்ப்பார். மற்றொருவர் சுவிட்சை ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைப்பார். மூன்றாமவர் தூரத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே, "அப்போதே சொன்னேனே, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்பார். இந்த மூன்றாமவர் இல்லாத வீடு தமிழ் நாட்டில் உண்டா என்பது சந்தேகந்தான். மாவு அரைக்கும் யந்திரமும் துணி துவைக்கும் யந்திரமும் அவருடைய பேச்சைத் தாங்கிக்கொண்டு எப்படியோ பிழைத்துவிட்டன. இன்று அந்தப் பேச்சுக்கு இலக்காகியிருப்பது வீட்டுப் பூவேலை யந்திரம். எம்பிராய்டரி மிஷின் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது.

பூவேலைக்கு யந்திரம் வந்தது நேற்றைய விஷயம் அன்று. ஸ்விட்ஸர்லாந்தில் ஐஸக் கிரோப்லி என்பவர் 1863-ம் வருஷத்திலேயே ஷிஃப்லி என்னும் பெரிய பூவேலை யந்திரத்தை அமைத்துவிட்டார். ஆனால் அது ஆலைக்குரியது. கூடத்து மேஜைமேல் அமரக் கூடியதன்று. கம்ப்யூட்டரின் துணையால் தானே பூப்போடும் சிறு யந்திரங்கள் வீடுகளை எட்டிப் பார்க்கத் தொடங்கியது 1990-ஐ ஒட்டித்தான். துணியை ஒரு சட்டத்தில் இறுக்கி மாட்டி, வேண்டிய டிசைனைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்திவிட்டால், யந்திரம் சட்டத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொண்டே நிமிஷத்துக்கு 400 முதல் 800 தையல் வரை போட்டுத் தள்ளும். ஓர் உள்ளங்கை அகல மயிலுக்குப் பத்தாயிரம் தையல் பிடிக்கும். நிறம் மாற்ற வேண்டிய இடத்தில் நின்று, நூலை மாற்றச் சொல்லிக் கேட்கும்.

யந்திரங்களைப் பற்றி மகாத்மா காந்தி கொண்டிருந்த அபிப்பிராயம் நம் நேயர்கள் அறிந்ததே. 1924-ம் வருஷத்தில், சாந்திநிகேதனத்தின் மாணவரான ஜி. ராமச்சந்திரன் அதைப் பற்றி அவரைத் துருவித் துருவிக் கேட்டபோது, தையல் யந்திரத்துக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் ஸிங்கர் அதை அமைத்தார் என்பது மகாத்மாவின் கருத்து. (ஸிங்கருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் வேறு விதமாக எழுதுகிறார்கள், அது நமக்கு வேண்டாம்.) கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரனே பிற்காலத்தில், 1947-ல், டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டிப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார். நாம் சொல்லப்போகும் விஷயமும் அந்தச் சின்னாளப்பட்டியில் நடந்ததுதான்.

நம்மிடம் பத்து வருஷங்களுக்கு முன் படித்த மாணவி ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கைவளையல் நான்கை வங்கியில் அடகு வைத்துப் பூவேலை யந்திரம் ஒன்று வாங்கினாள். ஊரில் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர்கள் பலர் உண்டு; அவர்கள் ஒரு ரவிக்கையை முடிக்க நாட்கணக்காகும். இவள் அதே நேரத்தில் நாலைந்து முடித்துவிடலாம், விலையும் குறைத்துச் சொல்லலாம் என்பது கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தது. ஒரு கல்யாண வீட்டார் ஒன்பது ரவிக்கைகளுக்கு முன்பணம் கொடுத்தார்கள். இரண்டாவது ரவிக்கையில் கை வைத்ததும் யந்திரம் கடகடவென்று சப்தம் செய்து நின்றுவிட்டது. துணியின் அடிப்புறத்தைப் பார்த்தால், தேங்காய் நாரை உருட்டி அப்பினாற்போல நூல் திரண்டு கிடந்தது. அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நார் உருண்டை.

நகரத்திலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போன் செய்தாளாம். அவர்கள் யந்திரத்தைப் பாராமலே, "உள்ளே போர்டு போயிருக்கும், பார்சலில் அனுப்புங்கள்" என்றார்கள். பதினெண்ணாயிரம் ரூபாயும் மூன்று வாரமும் ஆகலாம் என்றார்கள். கல்யாணத்துக்கோ பன்னிரண்டு நாளே பாக்கி. அந்த வீட்டு மூன்றாமவரான மாமனார், யந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வளையல்களையாவது மீட்கலாம் என்று தீர்மானமே செய்துவிட்டார். இந்த நிலைமையில்தான் அவள், "டீச்சர், ஒரு தடவை வந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நாம் யந்திரக் கம்மியர் அல்லோம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிப்பதே நம் தொழில். ஆனால், பல வருஷமாகச் சொந்தத்தில் இவ்வகை யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் அதனோடு மல்லுக்கட்டிப் பழகியதுண்டு. அந்தப் பழக்கத்தில் நாம் கண்டது ஒன்றே: இந்த யந்திரங்களின் கோளாறுகளில் முக்காலே மூன்று வீசம் உள்ளே இருப்பதில்லை. நூலிலும் ஊசியிலும் துணியிலுமே இருக்கின்றன. ஆகவே விலை குறைந்ததிலிருந்து விலை உயர்ந்ததற்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு, என்று தேடிக்கொண்டு போக வேண்டும். போர்டைப் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலையில் சென்றோம். அவள் முதலில் காட்டியது பாபினைத்தான். உருண்டை அடிப்புறத்தில் விழுகிறது. ஆகவே குற்றம் அடி நூலில் என்பது அவளுடைய எண்ணம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். விஷயம் நேர்மாறு. மேல் நூல் ஊசியோடு துணிக்குள் இறங்குகிறது. அடியில் சுழலும் கொக்கி, அந்த நூலில் விழும் கண்ணியைப் பற்றிப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் அடி நூலோடு பின்னிவிடுகிறது. பின்பு மேலே ஏறியிறங்கும் நெம்பு மிச்ச நூலைச் சுண்டி இழுத்துத் தையலை இறுக்குகிறது. அப்படி இறுக்குவதற்கு மேல் நூலை யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவை டென்ஷன் தட்டுகள் இரண்டு. அவை பிடிக்காவிட்டால் நெம்பு சுண்டும்போது நூல்கண்டிலிருந்து புது நூல் தாராளமாக வரும். அடியிலுள்ள தளர்ச்சி மட்டும் அப்படியே நின்றுவிடும். நிமிஷத்துக்கு அறுநூறு தையல் வீதம் அந்தத் தளர்ச்சி சேர்ந்தால் நார் உருண்டையாகாமல் என்ன செய்யும்? அடியில் சிக்கினால் மேலே பார். மேலே வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் மேல்பிடியின் இறுக்கத்தையும் பாபினையும் பார்.

"பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை இழுத்துப் பார்" என்றோம். நூல் லேசாக வந்தது. அது சரிதான், பாதம் உயர்ந்திருக்கும்போது தட்டுகள் திறந்தே இருக்கும். நூல் கோக்கும்போது பாதத்தை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். தாழ்த்திக்கொண்டு கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே புகாமல் வெளியே நின்றுவிடும். பிறகு பாதத்தைத் தாழ்த்தி இழுக்கச் சொன்னோம். இப்போது நூல் இறுகி, ஊசி சற்று வளையும்படி இழுக்க வேண்டும். அதுவோ முன்போலவே வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் நம் முகத்தைப் பார்த்தாள்.

"பிடி இல்லை, டீச்சர்" என்றாள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய காடாத் துணியின் ஓரத்தை மடித்து, தட்டுகளின் நடுவே நூல் போகும் வழியிலேயே மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவை விட்டு எடுத்தாள். மூன்றாந் தடவை துணியோடு ஒரு சிறு நூல் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பு நூல், நெல்லளவு இருக்கும். முதல் ரவிக்கையில் நூல் மாற்றும்போது அறுந்து உள்ளே தங்கியது போலும். அந்த நெல்லளவு நூல்தான் தட்டுகளை மூடவிடாமல் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தது. பதினெண்ணாயிரம் ரூபாய்ப் போர்டு என்பது அதுதான்! நூல் மாற்றும்போது நூல்கண்டுப் பக்கத்தில் கத்தரித்து, மிச்சத்தை ஊசிப் பக்கமாக முன்னோக்கி இழுத்து எடுப்பதே முறை. பின்னோக்கி உருவினால் பிசிறுகள் தட்டில் தங்கும்.

சோதனைக்காகப் பழைய துணியில் 'ட' எழுத்தைத் தடித்த தையலில் போடச் சொன்னோம். மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் கோடு போவதால் அந்த எழுத்து இந்தக் காரியத்துக்கு உகந்தது. திருப்பிப் பார்த்தால் கோட்டின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை அடி நூலும், இரு ஓரங்களில் வண்ண நூலும் தெரிய வேண்டும். வெள்ளையே தெரியாவிட்டால் மேல்பிடி தளர்ச்சி. வெள்ளை முழுதும் பரந்திருந்தால் மேல்பிடி அதிகம். அவளுடைய 'ட' நடுவில் வெள்ளை வகிடு எடுத்தாற்போல வந்தது.

அத்துடன் திரும்பியிருக்கலாம். ஆனால் எட்டு ரவிக்கைகள் பாக்கி இருக்கையில் ஒரு குற்றத்தை மட்டும் நீக்கிவிட்டு எழுந்து வர மனம் வரவில்லை. ஊசியைப் பார்த்தோம். யந்திரத்தோடு வந்த ஊசியாம்; உடையவில்லையாதலால் மாற்றவில்லையாம். ஊசி என்பது உடைந்த பிறகு மாற்றுவதன்று. எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒன்று என்பது பொது விதி. முனை மழுங்கிய ஊசி பட்டைத் துளைப்பதில்லை, குத்திக் கிழிக்கிறது. சாதாரணப் பூவேலைக்கு 75/11 என்று எழுதிய ஊசி போதும். 75 என்பது ஊசித் தண்டு முக்கால் மில்லிமீட்டர் கனம் என்பதைக் குறிக்கும். அதன் தட்டையான பக்கம் பின்புறம் இருக்க, மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்க வேண்டும். அரை மயிரிழை கீழே நின்றாலும் கொக்கி கண்ணியைத் தவறவிடும். தையல் விட்டு விட்டு விழும்.

ஊசித் தட்டைத் திருகு கழற்றி எடுத்தபோது அடியில் பஞ்சு மெத்தையே இருந்தது. தூரிகையால் கூட்டி எடுத்தோம். பலர் வாயால் ஊதுகிறார்கள். ஊதினால் தூசி உள்ளே போகும். மூச்சின் ஈரமும் கூடப் போகும். பஞ்சு மட்டுமல்ல, பிசுபிசுப்பும் இருந்தது. விசாரித்ததில் மாமியார் நல்லெண்ணத்துடன் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தது தெரியவந்தது. "எங்கள் அம்மா வீட்டுக் கால் மிஷினுக்கு அதைத்தானே விடுவோம்?" என்றார் அந்த அம்மாள். பழைய இரும்பு யந்திரம் அதையும் ஜீரணித்தது. ஆனால் தேங்காயெண்ணெய் இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், உறையாவிட்டாலும் நாளடைவில் கோந்தாகிவிடும். மார்கழி விடியற்காலையில் திண்டுக்கல் பக்கம் அந்தக் குளிர் உண்டு. தையல் யந்திர எண்ணெய் என்று தனியே விற்கிறார்கள். அதையும் புத்தகத்தில் சொல்லியுள்ள இடத்தில், சொல்லியுள்ள அளவு மட்டும். எண்ணெயே வேண்டாத மாதிரிகளும் உண்டு. இதே கால் மிஷினின் நினைவாகச் சிலர் அதன் இரும்புப் பாபினைப் பிளாஸ்டிக் பாபின் கேட்கும் யந்திரத்தில் மாட்டுவதும் வழக்கம். பார்வைக்கு ஒரே அளவு. ஆனால் கனமும் உயரமும் வேறு.

தட்டின் துவாரத்தருகே நகத்தால் தடவியபோது ஒரு கீறல் தட்டுப்பட்டது. ஊசி எப்போதோ இடித்த வடு. மேல் நூல் காரணமின்றி அறுந்து கொண்டேயிருந்தால் இதைத் தேட வேண்டும். நூல் ஒவ்வொரு தையலிலும் அதில் உரசித்தான் போகிறது. மிக நேர்த்தியான உப்புத்தாளால் இழைத்துவிட்டாள். ஆழமான கீறலாயிருந்தால் புதுத் தட்டே வாங்க வேண்டும்.

நிற்க. பட்டு நூல் பிழைத்தது. ஜரிகை நூல் பிழைக்கவில்லை. கல்யாண வீட்டார் கேட்டதோ ஜரிகை. ஜரிகை நூல் என்பது இழைமேல் உலோகத் தகட்டைச் சுற்றியது. அது ஊசிக் கண்ணில் பல தடவை முன்னும் பின்னும் உரசிய பிறகே துணியில் தங்குகிறது. சிறிய கண்ணானால் தகடு உரிந்து மயிர்போலச் சுருண்டு அறுந்துவிடும். பெரிய கண்ணுள்ள 90/14 ஊசியை மாட்டினோம். வேகத்தை நானூறுக்கு இறக்கினோம். மேல்பிடியைக் குறைத்தோம். நூல்கண்டை யந்திரத்தின் மேலிருந்து எடுத்து, நாலடி தள்ளித் தரையில் ஒரு டம்ளரில் வைத்தோம். தூரம் அதிகமானால் முறுக்கு நேராவதற்கு இடம் கிடைக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்தது, கால் மணிக்கு ஒருமுறை அறுந்தது. அதற்கு மேல் திருந்தவில்லை. மலிவாக வாங்கிய நூல். அதன் குணத்தை எந்தத் திருகும் மாற்றாது. ஒன்பது ரவிக்கைக்கும் நிறைய ஜரிகை என்பது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. அவள் கல்யாணப் பெண்ணின் தாயாருக்குப் போன் செய்து, பூவுக்குப் பட்டு நூலும் ஓரக் கோட்டுக்கு மட்டும் ஜரிகையும் என்று ஒப்புக்கொள்ளச் செய்தாள். விலையில் சிறிது குறைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு வருத்தந்தான்.

மணப்பெண்ணின் புடவைத் தலைப்பிலும் பூ வேண்டும் என்றிருந்தார்கள். இங்கே ஒரு விஷயம் மேல்நாட்டார் எழுதிய புத்தகங்களில் அதிகமாக இராது. ஆறு கஜப் பட்டுப் புடவையின் ஓரத்தைச் சட்டத்தில் மாட்டிவிட்டு மீதியை மேஜைக்குக் கீழே தொங்கவிட்டால், அந்தப் பாரம் சட்டத்தைப் பிடித்து இழுக்கும். யந்திரம் ஓர் இடத்தில் கோடு போட நினைக்கும். கோடு வேறிடத்தில் விழும். பூ ஓரிடத்திலும் அதன் விளிம்பு ஓரிடத்திலும் நிற்கும். உடனே "கம்ப்யூட்டர் குழம்பிவிட்டது" என்பார்கள். இரண்டு நாற்காலிகளை இருபுறமும் போட்டுப் புடவையை அவற்றின்மேல் தளர்த்தி வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். சட்டம் பின்னால் நகரும்போது சுவரில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சின்னாளப்பட்டி வீட்டில் அதுவும் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

துணி சுருங்குவதைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. துணியை இழுத்து விரித்துச் சட்டத்தில் மாட்டுகிறார்கள். கழற்றியதும் துணி தன் நிலைக்குத் திரும்புகிறது, தையல் திரும்புவதில்லை. மேளத்தோல்போல விறைப்பாயிருக்க வேண்டும். ஆனால் இழுபட்டிருக்கக் கூடாது. அடியில் அதற்கென்று விற்கும் தாளை வைக்க வேண்டும். பழைய செய்தித்தாளை வைப்பது சிக்கனமன்று. ஊசி துளைக்கத் துளைக்க அது கிழிந்துபோகும், மையும் ஒட்டும். (பத்திரிகைகள் படிப்பதற்கே என்பது நம் கட்சி.) டிசைனை இஷ்டத்துக்குச் சிறிதாக்குவதும் ஆபத்து. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால், தையல்களின் எண்ணிக்கை குறையாத யந்திரங்களில் தையல் மேல் தையல் விழுந்து ஊசி ஒடியும்.

மின்சாரம் நின்றால் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றவே கூடாது. பத்துத் தையல் பின்னுக்குப் போய்த் தொடங்கினால் இணைப்புத் தெரியாது.

அவளுடைய யந்திரத்தோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில், இன்ன கோளாறுக்கு இன்ன காரணம் என்று அழகான அட்டவணையே இருக்கிறது. அவள் தமிழில் படித்துத் தேறியவள். அந்தப் பக்கங்களைப் புரட்டியதேயில்லை. வளையலை அடகு வைத்து வாங்குகிறவர்களுடைய பாஷையில் நாலு பக்கம் அச்சிட்டுச் சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? மத்தியான்னம் சாப்பாட்டுக்குப் பிறகு நாமும் அவளும் உட்கார்ந்து அந்த அட்டவணையைத் தமிழில் எழுதினோம். நாம் அகராதி வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கையில், டென்ஷன் என்பதற்கு அவள் "பிடி" என்று எழுதிவிட்டாள். நமக்கு அதைவிட நல்ல வார்த்தை அகப்படவில்லை.

அட்டவணையின் கடைசி வரி மட்டும் வீட்டில் தீர்க்கக் கூடியதன்று. ஊசி இறங்கி மேலேறத் தொடங்கும் கணத்தில், அதன் கண்ணுக்குச் சற்று மேலே கொக்கியின் முனை வந்து சேர வேண்டும். பெரிய இடி ஒன்று இடித்து அந்த நேரக் கணக்குத் தவறிவிட்டால், நூல், ஊசி, பாபின் எல்லாம் புதிதாயிருந்தும் தையலே விழாது. அதற்குக் கம்மியரிடந்தான் போக வேண்டும். யந்திரத்தை நேரில் பார்க்கிற கம்மியரிடம். அப்படி அனுப்ப நேர்ந்தால், அது வந்த அட்டைப் பெட்டியும் உள்ளே வைத்திருந்த வெள்ளைத் தக்கைகளும் வேண்டியிருக்கும் என்று சொல்லி, அவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னோம். தக்கைகள் பரண்மேல் இருந்தன. பெட்டியில் மாமனார் தம் பழைய கணக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். அதை அவர் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.